டாக்டரின் வாய்க்குப் பூட்டு போடலாமா? வாசகர் கேள்விகள், டாக்டரம்மா பதில்கள்

கோவிட் பற்றித் தவறான தகவல் சொல்லும் மருத்துவர்களைத் தண்டிக்க கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டே வரி எழுதியிருந்தேன். "எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை, அதை எதிர்த்தவர்களில் பலரையும் பிடிக்கவில்லை" என்று. அதற்கு வந்த கடிதங்களைப் படித்த ஆசிரியர், "இந்த முறை நீரிழிவு, மூட்டுவலி எல்லாம் காத்திருக்கட்டும் அம்மா" என்று சொல்லிவிட்டார். சரி, காத்திருக்கட்டும்.

கேள்வி: அந்தச் சட்டம் இப்போதும் இருக்கிறதா? சான் ஹோசேயில் இருக்கும் என் மருமகன், "இங்கே தடுப்பூசியைப் பற்றி வாயைத் திறந்தாலே டாக்டர்களுக்கு லைசென்ஸ் போய்விடும்" என்கிறார். (கே.ஆர்., தென்காசி)

இல்லை. ஓராண்டுதான் ஏட்டில் இருந்தது. ஏபி 2098 என்று அதற்குப் பெயர். 2022 செப்டம்பர் கடைசியில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்துப் போட்டார். 2023 ஜனவரி 1 முதல் அமல். அந்த மாதம் முடிவதற்குள் சாக்ரமெண்டோவில் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஷப், வழக்குப் போட்ட மருத்துவர்கள் மேல் அதைப் பிரயோகிக்கக் கூடாது என்று தடை கொடுத்தார். அதே மாநிலத்தில் இன்னொரு நீதிபதி அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தடை தர மறுத்திருந்தார் என்பது வேடிக்கை. கடைசியில் சட்டமன்றமே, டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மெடிக்கல் போர்டு சம்பந்தமான வேறொரு மசோதாவுக்குள் ரத்து செய்யும் பிரிவைச் செருகி, சத்தமில்லாமல் கதையை முடித்தது.

உங்கள் மருமகன் சொல்வதில் ஒரு மிகையும் இருக்கிறது. தன்னிடம் வரும் நோயாளிக்குச் சிகிச்சையாகவோ ஆலோசனையாகவோ சொல்வதுதான் அந்தச் சட்டத்தின் வலைக்குள் வந்தது. யூடியூபில், மேடையில் பேசுவது வரவில்லை. அதாவது லட்சம் பேரிடம் சொன்னவருக்கு ஒன்றும் இல்லை, மூடிய அறைக்குள் ஒருவரிடம் சொன்னவருக்கு விசாரணை. இந்தத் தலைகீழ் எனக்கு அப்போதே உறுத்தியது.

இன்னொரு உறுத்தல், 'தவறான தகவல்' என்பதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம். அன்றைய அறிவியல் ஒருமித்த கருத்துக்கு முரணான, சிகிச்சை நெறிக்கு மாறான பொய்த் தகவல் என்றார்கள். யாருடைய ஒருமித்த கருத்து, எந்தத் தேதியில்? 2020 பிப்ரவரி கடைசியில் அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலே "மாஸ்க் வாங்காதீர்கள்" என்று பொதுமக்களுக்குச் சொன்னார். ஏப்ரல் முதல் வாரத்தில் நோய்த் தடுப்பு மையம் "துணி மாஸ்க் போடுங்கள்" என்றது. இடைப்பட்ட மார்ச்சில் மாஸ்க் போடச் சொன்ன டாக்டர் எந்தப் பக்கம்? இந்தக் குழப்பத்தைத்தான் நீதிபதி பிடித்துக்கொண்டார். எது குற்றம் என்றே மருத்துவருக்குப் புரியாதபடி சட்டம் எழுதியிருக்கிறீர்கள் என்றார். ஷப், குடியரசுக் கட்சி அதிபரான மூத்த புஷ் நியமித்த நீதிபதி. ஆனால் இதைப் புரிந்துகொள்ள யாரும் பழமைவாதியாக இருக்கத் தேவையில்லை.

கேள்வி: நேராகக் கேட்கிறேன். நீங்கள் கோவிடுக்கு ஐவர்மெக்டின் எழுதிக் கொடுத்தது உண்டா? (வாசகி, நாமக்கல்)

கோவிடுக்கு இல்லை. புழுக்களைக் கொல்லும் மருந்து அது, கோவிடையும் குணமாக்கும் என்று பலர் நம்பினார்கள். சொறி சிரங்குக்கும் ஒரு வகைக் குடல் புழுவுக்கும் தாராளமாக எழுதியிருக்கிறேன். அது மட்டமான மருந்து இல்லை. கண்டுபிடித்த ஒமுராவுக்கும் காம்ப்பெல்லுக்கும் 2015-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் ஆற்றோரத்து ஈ கடித்துக் கண் போகும் நோய்க்கு, மெர்க் நிறுவனம் 1987 முதல் அதை இலவசமாகக் கொடுத்துவருகிறது.

நான் வேலை பார்த்தது கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில். சினிமாவில் வரும் கலிஃபோர்னியா இல்லை, பாதாம் தோப்பும் மாட்டுப் பண்ணையும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுமாக இருக்கும் கலிஃபோர்னியா. 2021 இலையுதிர் காலத்தில் ஒரு தோப்புக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். தீவனக் கடையில் விற்கும் குதிரைப் புழு மருந்து. ஆப்பிள் வாசனை போட்டது, குதிரை துப்பாமல் இருக்க வேண்டுமே! உள்ளே தள்ளும் தண்டில் 250 பவுண்டுக்கு ஒரு கோடு வீதம் குறித்திருக்கும், குதிரையின் எடைக்கு ஏற்றபடி வளையத்தைத் திருகி நிறுத்த. "டாக்டர், நான் 210 பவுண்ட். முதல் கோட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்தினால் சரியாக இருக்குமா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, உரத்துக்கு அளவு கேட்பதுபோல.

அப்போது பெரிய ஆய்வுகள் முடிந்திருக்கவில்லை. பிரேசிலில் 1,300-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மருத்துவமனைச் சேர்க்கை குறையவில்லை என்ற முடிவோடு 2022 மார்ச்சில்தான் வெளிவந்தது. ஆகவே அவரிடம், "இது கோவிடுக்கு உதவும் என்று நம்ப என் கையில் ஆதாரம் இல்லை. குதிரைக்குச் செய்த பசையை நீங்கள் சாப்பிட்டால் அளவு தப்பி வலிப்பு வரை போகலாம். தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். ட்யூபைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ரத்த அழுத்தத்துக்கு என்னிடம் வருவதை நிறுத்தவில்லை. நான் சிரித்திருந்தால் நிறுத்தியிருப்பார்.

கேள்வி: தடுப்பூசி விஷயத்தில் அமெரிக்கப் பழமைவாதிகளுக்கு ஏன் இவ்வளவு கோபம்? டாக்டர்களின் பேச்சுரிமை பற்றி அவர்களுக்கு என்ன திடீர் அக்கறை? (ஆர்.எம்., காரைக்குடி)

திடீர் அக்கறை இல்லை, பழைய அக்கறையின் புதிய கிளை. சமூகப் பழமைவாதிகள் என்று அங்கே சொல்வது பெரும்பாலும் மதநம்பிக்கை உள்ள குடும்பஸ்தர்களை. கருக்கலைப்பு கூடாது, பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பவர்கள். கருக்கலைப்பு சட்டபூர்வமான 1973-லேயே, மனசாட்சி ஒப்பாத மருத்துவரை அதைச் செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று கூட்டாட்சிச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். அப்போது கேட்டது 'செய்யமாட்டேன்' என்று சொல்லும் உரிமை. கோவிட் வந்தபின், 'நான் நினைப்பதைச் சொல்வேன்' என்ற உரிமையும் அதோடு ஒட்டிக்கொண்டது. 2023-இல் ஃப்ளோரிடா போட்ட சட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. மனசாட்சிப்படி மறுக்கலாம், சமூக ஊடகத்தில் பேசியதற்காக போர்டு கை வைக்கக் கூடாது.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் மாநிலத்தில் கடைகள் திறந்திருந்தபோது சர்ச்சுக்குள் கூடக் கூடாது என்றார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் கதவு திறந்தது. அந்த ஜூலையில் மாநில மெடிக்கல் போர்டுகளின் கூட்டமைப்பு, தடுப்பூசி பற்றிப் பொய் பரப்பும் மருத்துவர்களின் லைசென்ஸுக்கே ஆபத்து என்று அறிக்கை விட்டது. ஆகஸ்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ, ஐவர்மெக்டின் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து, "நீங்கள் குதிரையும் இல்லை, மாடும் இல்லை, நிறுத்துங்கள்" என்ற பொருளில் ட்விட்டரில் ஒரு நையாண்டி போட்டது. நகரத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் நோயாளிகளுக்கு அது எப்படிப் பட்டது தெரியுமா? "எங்களை மாடு என்கிறார்கள்." அவ்வளவுதான். பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் இந்த மாதிரிச் சமர்த்தை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்.

ஐவர்மெக்டின் பற்றிய அந்தப் பதிவுகளை எதிர்த்து மூன்று மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில், பல மாநிலங்களுக்குப் பொதுவாக இருப்பது), எஃப்டிஏ ஒன்றும் டாக்டர் இல்லை, தகவல் சொல்லலாம், வைத்தியம் சொல்லக் கூடாது என்று கூறி வழக்கைத் தொடர விட்டது. 2024 மார்ச்சில் எஃப்டிஏ சமரசம் செய்துகொண்டு அந்தப் பதிவுகளை நீக்க ஒப்புக்கொண்டது. மருந்து வேலை செய்யும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்த் தீவனக் கடையில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

கேள்வி: பேச்சுரிமை பேச்சுரிமை என்கிறார்களே, கருக்கலைப்பு பற்றிப் பேசிய டாக்டரை மட்டும் ஏன் துரத்தினார்கள்? (எஸ்., புதுச்சேரி)

இதற்காகத்தான் "எதிர்த்தவர்களையும் பிடிக்கவில்லை" என்று எழுதினேன்.

2022 ஜூன் கடைசியில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிட்டது. ஒஹாயோவில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்ற பத்து வயதுக் குழந்தையை, அங்கே சட்டம் இடம் தராததால், பக்கத்து மாநிலமான இண்டியானாவுக்கு அழைத்து வந்தார்கள். சிகிச்சை செய்த கேட்லின் பெர்னார்ட், குழந்தையின் பெயரைச் சொல்லாமல் ஒரு நிருபரிடம் அதைச் சொன்னார். இண்டியானா அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் டாட் ரொகிட்டா டிவியில் அவரைத் திட்டினார், பிறகு லைசென்ஸ் போர்டில் புகார் கொடுத்தார். குழந்தைமீதான கொடுமையை முறைப்படி தெரிவிக்கவில்லை, மருத்துவம் பார்க்கவே லாயக்கில்லை என்றெல்லாம். 2023 மே மாதம் போர்டு இந்த இரண்டையும் தள்ளிவிட்டது. நோயாளியின் அந்தரங்கம் காக்கவில்லை என்று மட்டும் சொல்லி 3,000 டாலர் அபராதமும் கண்டனக் கடிதமும் கொடுத்தது. அந்தரங்கம் பற்றிய கேள்வி நியாயமானது, நான் அதை ஒதுக்கமாட்டேன். ஆனால் அட்டர்னி ஜெனரல் அதற்காகவா அவ்வளவு பாடுபட்டார்? டிவியில் பேசியதற்காக ரொகிட்டாவையே மாநில உச்ச நீதிமன்றம் அந்த நவம்பரில் பகிரங்கமாகக் கண்டித்தது.

இன்னும் பழைய கதை ஃப்ளோரிடாவில். குழந்தை மருத்துவர்கள் பெற்றோரிடம் வழக்கமாகக் கேட்பது: வீட்டில் நீச்சல் குளம் உண்டா, வேலி போட்டிருக்கிறதா? துப்பாக்கி உண்டா, பூட்டி வைத்திருக்கிறீர்களா? இந்த இரண்டாவது கேள்வியைக் காரணமில்லாமல் கேட்கக் கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், லைசென்ஸ்மீதும் கை வைக்கலாம். இன்றைக்கு டாக்டர்களின் பேச்சுரிமைக்குக் கொடி பிடிக்கும் அதே மாநிலம்! 2017 பிப்ரவரியில் பதினொன்றாவது வட்ட நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை அடித்துப் போட்டது. அதில் பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி வில்லியம் ப்ரையரும் சேர்ந்துகொண்டு, தனியாகவும் எழுதினார். அவரைப் போலக் கொள்கையில் நிற்கும் பழமைவாதிகளை நான் மதிக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விட விசித்திரமாகப் படுவது 'கருக்கலைப்பு மாத்திரையைத் திருப்பிவிடும்' சிகிச்சை. மாத்திரைக் கருக்கலைப்பில் இரண்டு மருந்து. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். முதல் மாத்திரை போட்டபின் மனம் மாறிய பெண்ணுக்கு அதிக அளவில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் கரு பிழைக்கும் என்று சான் டியேகோ பக்கத்து மருத்துவர் ஜார்ஜ் டெல்காடோ சொல்லி வந்தார். முறையான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றை மருத்துவர் மிட்செல் க்ரைனின் தொடங்கினார். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நிலையில் மூவருக்குக் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டு, பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மூவரில் இருவர் புரோஜெஸ்டிரோன் கிடைக்காதவர்கள். ஆக, வேலை செய்கிறதா என்று நிரூபணமும் இல்லை, ஆபத்து அதில்தான் என்ற நிரூபணமும் இல்லை. மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் இதைப் பரிந்துரைப்பதில்லை, நானும்தான்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். ஆர்கன்சாவில் 2015-இல், இப்படித் திருப்ப முடியலாம் என்று கருக்கலைப்பு செய்யும் மருத்துவர் நோயாளியிடம் சொல்லியே ஆகவேண்டும் என்றார்கள். வடக்கு டகோட்டா 2019-இல் அதே மாதிரிச் சட்டம் போட, அங்கே நீதிபதி தடுத்துவிட்டார். கொலராடோவோ 2023-இல், அந்தச் சிகிச்சையைக் கொடுப்பதே தொழில் ஒழுக்கக்கேடு என்றது. ஒரு கத்தோலிக்க கிளினிக் வழக்குப் போட்டு, மத சுதந்திரத்தின் பேரில் அந்த அக்டோபரில் தடை வாங்கியது. அவர்கள் வாதம் லேசானதல்ல. கரு கலையாமல் இருக்க புரோஜெஸ்டிரோனை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகக் கொடுக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற மருந்தை லேபிளில் இல்லாத காரணத்துக்கு எழுதுவதும் அமெரிக்காவில் அன்றாடம் நடப்பது. இந்த ஒன்றை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரே வாக்கியத்தை ஒரு மாநிலம் 'சொல், இல்லாவிட்டால் தண்டனை' என்றது, இன்னொன்று கிட்டத்தட்ட 'சொன்னால் தண்டனை' என்றது. நடுவில் நிற்கும் நோயாளிக்கு டாக்டர் சொல்வது டாக்டரின் சொல்லா, மாநிலச் சட்டமன்றத்தின் சொல்லா என்று எப்படித் தெரியும்?

கேள்வி: கடைசியில் நீங்கள் எந்தக் கட்சி? (ஒரு வாசகர், ஈரோடு)

வாக்காளர் பதிவில் 'கட்சி விருப்பம் இல்லை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில்தான் கடைசிவரை டிக் அடித்தேன். கணவருக்கும் சேர்த்து நான் அடிக்கவில்லை, அவருக்கு அபிப்பிராயம் அதிகம்.

கேள்வி: நான் பழமைவாதிதான், கூச்சமில்லாமல் சொல்வேன். பெரியவர் ஒருவர் ஐவர்மெக்டின் கேட்பதும், பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பாலின மாற்றத்துக்கு ஹார்மோன் கொடுப்பதும் ஒன்றா? முதலாவதை விடு, இரண்டாவதைத் தண்டி என்பதில் என்ன முரண்பாடு? (ஒரு தமிழ் அப்பா, சான் அன்டோனியோ)

நல்ல கேள்வி. பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. நோயாளி வயது வந்தவரா, சிறுவரா என்பது பெரிய வித்தியாசம். அதோடு, மருந்து கொடுப்பது செயல். மாநிலம் செயலைக் கட்டுப்படுத்தலாம். சிறுவர்களுக்கு இந்தச் சிகிச்சை கூடாது என்ற டென்னசியின் தடையை உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் 6-3 என்று அனுமதித்தது. உங்கள் டெக்ஸாஸ் சட்டமும் 2023-லிருந்து அமலில் இருக்கிறது. அதில் முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'பெற்றோர்தான் முடிவு செய்ய வேண்டும்' என்று தடுப்பூசியில் சொன்னவர்கள், பெற்றோரும் பிள்ளையும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்த வீட்டுக்குள் மாநிலத்தைக் கூட்டிவருகிறார்களே, அங்கேதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அலபாமாவிலும் ஐடஹோவிலும் லைசென்ஸ் போவதோடு முடியவில்லை, பத்தாண்டு வரை சிறை என்று எழுதிவைத்தார்கள்.

கொலராடோவில் சைல்ஸ் என்ற ஆலோசகரின் வழக்கையும் பாருங்கள். சிறுவர்களின் பாலின, பாலியல் அடையாளத்தை மாற்ற முயலும் ஆலோசனையை அந்த மாநிலம் 2019-இல் தடை செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் அவர் தரப்பு வாதம், 'நான் செய்வது பேச்சு மட்டும்' என்பது. அப்படிப்பட்ட ஆலோசனை பிள்ளைகளைக் காயப்படுத்துகிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் பேச்சு என்றால் எல்லார் பேச்சும் பேச்சு. கருக்கலைப்புக்கு எந்த மாநிலம் போகலாம் என்று ஒரு டாக்டர் சொல்வதும் அதே தட்டில்தான் வரவேண்டும். உங்கள் நண்பர்கள் அதற்குத் தயாரா என்று கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லும் டாக்டர்களைச் சும்மா விட்டுவிடுவதா? (பி.வி., திருச்சி)

யார் சொன்னது? ஆண்ட்ரூ வேக்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை முதலியவற்றுக்குப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட பிரிட்டிஷ் மருத்துவர். 1998-இல் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை. 2010-இல் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்தது. தடுப்பூசி பற்றிய கருத்துக்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள், இல்லை. குழந்தைகளுக்கு முறையான அனுமதி இல்லாமல் முதுகுத்தண்டில் ஊசி போட்டுப் பரிசோதித்ததற்கு. வழக்கறிஞர் தரப்பிலிருந்து வந்த பணத்தை மறைத்ததற்கு. மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகளிடம் தலைக்கு ஐந்து பவுண்ட் கொடுத்து ரத்தம் எடுத்ததற்கு. கருத்தைத் தொடாமலே ஆளைப் பிடிக்க இத்தனை வழி இருந்தது. (அவர் குடியேறியது டெக்ஸாஸில். சான் அன்டோனியோ அப்பா கவனிக்க.)

என் கணக்கு இதுதான். அறைக்குள் டாக்டர் தன் நோயாளிக்குச் சொன்னதால் கெடுதல் வந்தால், கவனக்குறைவு வழக்கு இருக்கிறது, போர்டு இருக்கிறது. தொழிலில் ஒத்த மருத்துவர்கள் சாட்சி சொல்லட்டும், கேஸைக் கேஸாகப் பார்க்கட்டும். இன்னின்ன கருத்து தப்பு என்று சட்டத்தில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாம். அறைக்கு வெளியே பேசுவதை மறுத்துப் பேசித்தான் எதிர்கொள்ள வேண்டும். அதனால் சில பொய்யர்கள் தப்பிப்பார்கள், அவர்களால் ஆட்களும் சாவார்கள். தெரிந்தேதான் சொல்கிறேன். 1996-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்துக் கஞ்சாவை மருந்தாக ஏற்றபோது, அதைப் பரிந்துரைத்தாலே மருந்து எழுதும் உரிமத்தைப் பறிப்போம் என்று வாஷிங்டன் மிரட்டியது. 2002-இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம், பரிந்துரைப்பது பேச்சு, பேச்சுக்காக விசாரிக்கக் கூடாது என்று தடுத்தது. புற்றுநோய்க்காரர்களுக்காக அன்று அதைக் கொண்டாடிய என் லிபரல் நண்பர்கள், இருபது வருஷம் கழித்து ஏபி 2098-க்கும் கைதட்டினார்கள்.

கேள்வி: என் தங்கை எம்.டி. முடித்து அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகிறாள், விசாவில். நோயாளிகளிடம் என்ன பேசலாம், என்ன கூடாது என்று பயப்படுகிறாள். (வாசகர், நாகர்கோவில்)

பேச பயப்பட வேண்டாம், எழுதாமல் விடத்தான் பயப்பட வேண்டும். நோயாளி என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், அவர் என்ன முடிவு செய்தார் என்று அன்றன்றைக்கே சார்ட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்ற மாதிரி எரிச்சல் வார்த்தை வேண்டாம். இப்போது நோயாளிகள் தங்கள் குறிப்புகளை போனிலேயே படிக்கிறார்கள்.

ரெசிடென்சி முடித்து வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போனால், கையெழுத்துப் போடும் முன்பு அந்த மாநிலச் சட்டத்தையும் மருத்துவமனையின் கொள்கையையும் படிக்க வேண்டும். கருக்கலைப்பு, ஹார்மோன் இரண்டிலும் எல்லைக்கோடு தாண்டினால் சட்டம் மாறும். போர்டில் புகார் வந்து, பிறகு ஒன்றுமில்லை என்று தள்ளுபடி ஆனாலும் அது லேசில் போகாது. வேலைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் நிரப்பும் விண்ணப்பங்களில் "உங்கள்மேல் விசாரணை நடந்தது உண்டா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் 'ஆம்' என்று குறித்து விளக்கக் கடிதம் இணைக்க வேண்டும். விசாவில் இருப்பவளுக்கு அதில் கழியும் மாதங்கள் சாதாரணமில்லை. ஆகவே தொழில் பாதுகாப்பு இன்ஷூரன்ஸில் போர்டு விசாரணைக்கான வக்கீல் செலவும் அடங்குமா என்று முதல் நாளே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.